கடை ஜிமெயிலுக்குத் தனி மென்பொருள் தேவையா, பிரவுசரே போதுமா?

பத்துத்தூண் ஜவுளி
வணக்கம். மதுரை பத்துத்தூண் பக்கம் எங்களுக்குச் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். கடைக்கு ஒரே ஒரு ஜிமெயில் கணக்கு, அப்பா திறந்தது. பெங்களூரு, மும்பைக் கடைகளின் ஆர்டர், டிசைன் படம், பில், பணம் போட்ட விவரம் எல்லாம் அதில்தான் வருகிறது. இப்போது 15 ஜிபி நிரம்பப் போகிறது என்று எச்சரிக்கை காட்டுகிறது. கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பி, “தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு எல்லா மெயிலையும் இறக்கிக்கொள்ளுங்கள், கூகுளில் இடம் காலியாகிவிடும்” என்கிறார். கடைக் கணக்கர், “பிரவுசரிலேயே பழகிவிட்டேன், மாற்றாதீர்கள்” என்கிறார். நான், அப்பா, கணக்கர் மூன்று பேரும் இதே மெயிலைத்தான் பார்க்கிறோம். அப்பா போனில் மட்டும். யார் சொல்வதைக் கேட்பது?

கப்பலூர்க்காரன்
தாராளமாகப் போடுங்கள் அண்ணே. கப்பலூர் சிட்கோவில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஆர்டருக்கு ஒரு மெயில், பில்லுக்கு ஒரு மெயில், என் சொந்தக் கணக்கு எல்லாம் தண்டர்பேர்டில் ஒரே இடத்தில் நிற்கின்றன. இன்ன சப்ளையரிடமிருந்து வந்தால் இன்ன ஃபோல்டருக்குப் போ என்று ஒருமுறை சொல்லிவைத்தால் அது பாட்டுக்கு நடக்கிறது. பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், பேங்க், டிரான்ஸ்போர்ட் புக்கிங் என்று பத்து டேப் திறந்து கிடக்கும்போது மெயில் டேப் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதில் வேறு விளம்பரம்.

முக்கியமான விஷயம், நெட் இல்லாவிட்டாலும் பழைய மெயில் கையில் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தினால் சாயங்காலம் வரை நெட் வராது. அன்றைக்குப் பார்த்துத்தான் சப்ளையர் போன் போட்டுப் போன வருட விலை கேட்பார்.

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. அப்போதிலிருந்து இலவசம்தான். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

கே.கே.நகர் நிரலர்
ஒரு நிமிடம். கேள்வி இடம் பற்றியது. அதற்குத் தண்டர்பேர்ட் மருந்தே இல்லை.

இன்றைக்கு ஜிமெயிலை எந்த மென்பொருளில் சேர்த்தாலும் பெரும்பாலும் ஐமேப் வழியாகத்தான் சேரும். ஐமேப் என்பது கண்ணாடி மாதிரி. சர்வரில், அதாவது கூகுளின் கம்ப்யூட்டரில், இருப்பது இங்கே தெரியும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டது என்று நம்பி யாராவது பிரவுசரில் பழைய ஆர்டர்களை மொத்தமாக அழித்தால், அடுத்த முறை தண்டர்பேர்ட் சர்வரோடு பேசும்போது இங்கிருந்தும் போய்விடும். அந்தத் தம்பி சொன்னதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் செய்தால் வியாபாரக் கணக்கே போய்விடும்.

இரண்டாவது, பாதுகாப்பு. தண்டர்பேர்ட் மெயிலை வன்தட்டில் சாதாரண எழுத்துக் கோப்பாக வைக்கிறது. அதில் உள்ள முதன்மைக் கடவுச்சொல் வசதி, சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும்தான் பூட்டும், மெயிலைப் பூட்டாது. கடை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர் கையில் எல்லா வாடிக்கையாளர் விவரமும் இருக்கும். மோசடி மெயில் வந்தால் ஜிமெயில் பக்கத்தில் மேலே எச்சரிக்கைப் பட்டை வருகிறதே, அது தனி மென்பொருளில் அப்படியே வராது. “எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, புது எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று சப்ளையர் பெயரில் போலி மெயில் வருகிற காலம் இது. அந்தப் பட்டை எனக்கு முக்கியம்.

ஒத்தக்கடை வக்கீல்
நிரலர் சார் சொன்ன ஐமேப் விஷயம் சரி. ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். தண்டர்பேர்டில் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குள் நகலெடுத்துப் போட்ட மெயிலுக்கும் சர்வருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சர்வரில் அழிந்தாலும் இது நிற்கும். நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடுகிறேன். வழக்கு முடிந்ததும் அதற்கான மெயில்களை அங்கே நகலெடுத்துவிடுவேன்.

எனக்குக் கவலை இடம் இல்லை, உடைமை. இலவசக் கணக்கு என்பது அடுத்தவர் இடத்தில், அடுத்தவர் விதிப்படி இருப்பது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் விதி. கடைக் கணக்கை நீங்கள் தினமும் திறப்பதால் அது உங்களைத் தொடாது. ஆனால் வேறு ஏதோ காரணத்துக்காகக் கணக்கு முடங்கினால், மீட்க வேண்டிய போன் எண் அப்பாவின் பழைய எண்ணாக இருந்தால், யாரிடம் போய் நிற்பீர்கள்? பத்துத்தூணிலிருந்து நடந்து போய்க் கேட்க ஓர் அலுவலகம் கிடையாது. இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள்.

கே.கே.நகர் நிரலர்
மேடம், நகல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு எதற்கு ஒரு மென்பொருளைக் கடையில் போட்டுத் தினமும் ஓட்ட வேண்டும்? கூகுள் டேக்அவுட் என்று ஒரு வசதி இருக்கிறது. மொத்த மெயிலையும் எம்பாக்ஸ் என்ற, மெயில்கள் ஒன்றாக அடங்கிய கோப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வருடம் ஒருமுறை செய்தால் போதும். நெட் இல்லாத நேரத்துக்கு ஜிமெயிலிலேயே ஆஃப்லைன் வசதி இருக்கிறது, குரோமில் ஓடும்.

கப்பலூர்க்காரன்
அந்த ஆஃப்லைனில் அதிகபட்சம் 90 நாள் மெயில்தான் கிடைக்கும் சார். 7, 30, 90 என்று மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஜவுளியில் தீபாவளிக்குப் போன டிசைனை அடுத்த தீபாவளிக்குத்தான் கேட்பார்கள். 90 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டேக்அவுட் எடுத்த எம்பாக்ஸைத் திறந்து தேடுவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டுமே. கடைசியில் தண்டர்பேர்டுக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

கே.கே.நகர் நிரலர்
90 நாள் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் மின்தடை அன்று கடை கம்ப்யூட்டர் மட்டும் எப்படி ஓடும்? இன்வெர்ட்டர் இருந்தால் அதே இன்வெர்ட்டரில் ரூட்டரும் ஓடும்.

கப்பலூர்க்காரன்
ரூட்டர் ஓடும், தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டி ஓடாதே. எங்கள் பக்கம் மாதாமாதம் நடப்பது இது.

உசிலை டீச்சர்
ஒரு சின்னக் கேள்வி. அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உள்ளது இல்லையே. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தானே? 2021 ஜூனிலிருந்து போன் ஏற்றும் படங்களும் இந்த 15 ஜிபியில்தான் சேர்கின்றன. உங்கள் அப்பா போனில் இதே கணக்கு இருப்பதாகச் சொன்னீர்கள். சேமிப்பிடப் பக்கத்தில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள். எங்கள் பள்ளி மெயிலும் இப்படித்தான் நிரம்பியது.

பத்துத்தூண் ஜவுளி
டீச்சர், இப்போதுதான் பார்த்தேன். பாதிக்கு மேல் போட்டோஸ். சித்திரைத் திருவிழாவில் தேர் வரும்போது அப்பா எடுத்த வீடியோக்கள் எல்லாம் கடைக் கணக்கில் ஏறியிருக்கின்றன. மெயில் சுமார் 5 ஜிபிதான்.

அப்படியானால் இடப் பிரச்சினைக்கு வேறு வழி இருக்கிறது. ஆனால் வக்கீல் மேடம் சொன்னது மனதில் உறுத்துகிறது. கணக்கு முடங்கினால் எங்களிடம் ஒரு மெயில்கூட இல்லை. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன்: இடத்துக்காக இல்லாமல், நகலுக்காகத் தண்டர்பேர்ட் போடலாமா? கம்ப்யூட்டர் தம்பி, “பாப் முறையில் போட்டால் தானாக இறங்கிவிடும்” என்று இன்று சொன்னார். இல்லை, விண்டோஸோடு வருகிற அவுட்லுக்கே போதுமா?

திருமங்கலம் சர்வீஸ்
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாப் என்றதும் எழுதத் தோன்றியது. மூன்று பேர் பார்க்கிற கணக்கில் பாப் வேண்டவே வேண்டாம் அண்ணே. சர்வரிலிருந்து மெயிலை இறக்க மட்டும் செய்கிற பழைய முறை அது, ஒரே கம்ப்யூட்டரில் ஒருவர் மட்டும் மெயில் பார்த்த காலத்துக்கு ஏற்றது. ஃபோல்டர், படித்தது, படிக்காதது எதையும் அது சர்வரோடு ஒத்துப்பார்க்காது. இறக்கியபின் சர்வரில் இருப்பதை என்ன செய்வது என்ற அமைப்பில் ‘அழி’ என்று இருந்துவிட்டால், கடையில் இறங்கிய மெயில் அப்பா போனில் இருக்காது. வாடிக்கையாளர் அனுப்பியதாகச் சொல்வார், அப்பா வரவே இல்லை என்பார். இந்தத் தகராறை வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

அடுத்து அவுட்லுக். விண்டோஸோடு வந்துகொண்டிருந்த பழைய மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. அதன் இடத்தில் வந்திருப்பது புதிய அவுட்லுக். அதில் ஜிமெயிலைச் சேர்த்தால், உங்கள் மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகும். சேர்க்கும்போதே திரையில் சொல்லி அனுமதி கேட்கும். நாம் படிக்காமல் ‘தொடர்’ அழுத்திவிடுகிறோம்.

ஒத்தக்கடை வக்கீல்
அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைத் தொடுவதில்லை. கட்சிக்காரர் எனக்கு எழுதியது ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. இரண்டாவது நிறுவனத்துக்கும் அதைக் கொடுக்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. தண்டர்பேர்ட் நேராகக் கூகுள் சர்வரோடு பேசுகிறது, நடுவில் யாரும் இல்லை.

இன்னொன்று. பணம் வராமல் வழக்கு என்று போனால் மெயில்தான் சாட்சி. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதிநியம் நடப்பில் இருக்கிறது. மின்னணு ஆவணத்துக்கு அதன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், கோப்பின் கைரேகை மாதிரியான ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். பிரிண்ட் எடுத்த தாளில் மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற தலைப்பு விவரம் இருக்காது. முழு மெயில் கோப்பாகக் கையில் இருப்பது நல்லது.

கே.கே.நகர் நிரலர்
அந்த முழுக் கோப்பு பிரவுசரிலும் கிடைக்கிறது மேடம். மெயிலைத் திறந்து ‘அசலைக் காட்டு’ என்பதை அழுத்தினால் தலைப்பு விவரத்தோடு அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

ஒத்தக்கடை வக்கீல்
கணக்கு திறந்தால்தானே? ஒவ்வொன்றாக வேறு எடுக்க வேண்டும். ஒரு வழக்குக்கு நூற்றுக்கணக்கில் மெயில் இருக்கும்.

கே.கே.நகர் நிரலர்
சரி, நகலுக்குத் தண்டர்பேர்ட் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை எந்தக் கம்ப்யூட்டரில் போடுவது என்பதில் நான் இறங்கி வரமாட்டேன். கடையில் போடக்கூடாது.

இந்தத் திரியில் யாரும் தொடாத ஒன்று, மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பது. கணக்கர் நாளைக்கு வேறு கடைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? ஜிமெயிலில் பொறுப்பாளரைச் சேர்க்கும் வசதி உண்டு. தனிநபர் கணக்கில் 10 பேர் வரை சேர்க்கலாம். கணக்கர் தன் சொந்த ஜிமெயிலில் நுழைந்து, அங்கிருந்து கடை மெயிலைத் திறப்பார். படிக்கலாம், பதில் அனுப்பலாம், பாஸ்வேர்டை மாற்ற முடியாது. அவர் விலகினால் பெயரை நீக்கிவிட்டால் போதும். இந்த வசதி ஐமேப் மென்பொருளில் வராது, பிரவுசரில் வேலை செய்யும். கணக்கருக்குப் பழகிய இடமும் அதுதான்.

கப்பலூர்க்காரன்
தண்டர்பேர்டிலும் கணக்கருக்கு பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லையே. பழைய மாதிரி பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருளைச் சேர்ப்பதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30-ஓடு நிறுத்திவிட்டது. இப்போது கூகுளின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்கும், அண்ணன் ஒருமுறை நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. வேண்டாம் என்றால் கூகுள் கணக்குப் பக்கத்திலிருந்தே அந்த அனுமதியை ரத்து செய்யலாம்.

கே.கே.நகர் நிரலர்
ரத்து செய்தால் புது மெயில் இறங்காது, சரி. ஏற்கெனவே இறங்கியது அங்கேயே கிடக்குமே. யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் திறந்து படிக்கலாம். பண்டிகை நேரத்தில் கடைக்குள் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

கப்பலூர்க்காரன்
அதற்கு விண்டோஸ் பாஸ்வேர்டு, வன்தட்டுப் பூட்டு எல்லாம் இருக்கின்றன. ஆள் வந்து போகிறார்கள் என்று வசதியையே விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தினமும் மெயிலோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் அந்த வேகத்தின் அருமை தெரியும்.

திருமங்கலம் சர்வீஸ்
இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடை கம்ப்யூட்டர்களைத் தினமும் பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் நான் நிரலர் சார் பக்கம். சிறு கடைகளில் விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டாலும் மானிட்டரிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுங்கள் அண்ணே.

போடும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஜிமெயிலில் மெயிலை வகைப்படுத்த ஒட்டும் லேபிள் எல்லாம் இங்கே ஃபோல்டராகத் தெரியும். ‘ஆல் மெயில்’ என்று ஒன்று வரும், அதில் எல்லா மெயிலும் மறுபடி இருக்கும். ஒரே மெயில் இன்பாக்ஸில் ஒன்று, ஆல் மெயிலில் ஒன்று என்று இரண்டு தடவை இறங்கும். ஜிமெயில் அமைப்பில் லேபிள் பகுதிக்குப் போய் ஆல் மெயிலுக்கு ‘ஐமேப்பில் காட்டு’ என்பதை எடுத்துவிடலாம். ஆனால் அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கிவைத்த, அதாவது ஆர்க்கைவ் செய்த பழைய மெயில், வேறு லேபிள் இல்லாவிட்டால் அங்கே மட்டும்தான் இருக்கும். ஆகவே முதல் நகல் முடிகிறவரை விட்டுவையுங்கள். ஐமேப்பில் ஒரு நாளைக்கு 2,500 எம்பி என்று நிறுவனக் கணக்குகளுக்கு கூகுள் வரம்பு அறிவித்திருக்கிறது. உங்கள் கணக்கிலும் நடுவில் நின்றால் பயப்பட வேண்டாம், மறுநாள் தொடரும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு ‘நகர்த்து’ கொடுக்காதீர்கள், ‘நகலெடு’ கொடுங்கள். நடுவில் நெட் அறுந்தாலும் அசல் பத்திரமாக இருக்கும். இன்னொன்று, இன்பாக்ஸிலிருந்து நகர்த்தினாலும் ஆல் மெயிலில் அந்த மெயில் அப்படியே தங்கிவிடும், இடமும் காலியாகாது. இறக்கினால் காலியாகும் என்று அந்தத் தம்பி சொன்னது இதனால்தான் பலிக்காது. அழிக்க வேண்டியதைப் பிரவுசரில் தேடி அழித்து, ட்ராஷையும் காலி செய்ய வேண்டும். விட்டால் அது 30 நாள் அங்கேயே இருக்கும்.

அப்புறம், கடையோ வீடோ, வன்தட்டு ஒருநாள் போகத்தான் போகும். தண்டர்பேர்டின் மெயிலும் அமைப்புகளும் இருக்கிற புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மென்பொருளை மூடிவிட்டு எடுக்க வேண்டும். அந்த ஒரு ஃபோல்டர் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

பத்துத்தூண் ஜவுளி
நிறைய தெளிந்தது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து போட்டோஸை அதற்கு மாற்றப் போகிறேன். கடையில் கணக்கர் பிரவுசரிலேயே, பொறுப்பாளராக. வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் தண்டர்பேர்ட் போட்டு, நிதியாண்டு வாரியாக லோக்கல் ஃபோல்டரில் நகலெடுக்கிறேன். வெளி டிஸ்க் ஒன்று வாங்கிவிடுகிறேன்.

இரண்டு சந்தேகம். நகலெடுத்தால் இணைப்பில் உள்ள பில்லும் டிசைனும் சேர்ந்து வருமா? எத்தனை வருட மெயில் வரை வைத்திருக்க வேண்டும்?

ஒத்தக்கடை வக்கீல்
இணைப்போடு முழு மெயிலும் வரும். வருடம் என்றால், ஜிஎஸ்டி சட்டம் 36-ஆம் பிரிவுப்படி ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். 2023-24க்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆக அந்த வருட பில், ஆர்டர் மெயில்கள் 2030 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரையோ இந்த 72 மாதம் வரையோ, எது பிந்தியதோ அதுவரை. உங்களிடம் மெயில் 5 ஜிபிதானே, எதையும் அழிக்காமலே விடலாம். போட்டோஸை மாற்றினாலே இடம் தாராளமாக இருக்கும்.

கணக்கை மீட்கும் போன் எண் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள்.

கப்பலூர்க்காரன்
கணக்கரிடம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை ஒரு வாரம் காட்டிப் பாருங்கள் அண்ணே. பழைய டிசைனைத் தேடி எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் கடையிலும் வேண்டும் என்று அவரே கேட்பார்.

பத்துத்தூண் ஜவுளி
மேடம், பார்த்தேன். அப்பாவின் பழைய எண்தான் இருந்தது, அந்த சிம் இப்போது இல்லை. மாற்றிவிட்டேன்.